குதிரை நீக்கிய பதிப்பு

"பக்கத்துக்குப் பத்துக் குதிரை ஓடுது சார். படிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும்," என்றார் புரூஃப்காரர்.

குதிரைக்காரர் தன் மூன்று வருட உழைப்பைப் பரிதாபமாகப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். 'குதிரை' வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டம். முதல் பக்கம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

புரூஃப்காரர் எதிர்வீட்டில் இருப்பவர். முப்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் போதுமான பிழை கிடைக்காமல் வாடிப்போயிருந்தார். தெருமுனைக் கடைப் பலகையில் ஒற்றெழுத்து விடுபட்டதற்காகக் கடைக்காரரோடு ஒரு வாரம் சண்டை போட்டவர். அவர் கையில் ஒரு முழுப் புத்தகம் கிடைத்தால் சும்மா விடுவாரா?

"குதிரையைப் பத்தின புத்தகத்துல குதிரை வராம எப்படிங்க?"

"வரட்டும், யார் வேண்டாம்னது? பேர் சொல்லிக்கிட்டு வரவேண்டாம். பெண் குதிரைதானே? 'அவள்'னு போடுங்க. படிக்கிறவன் தானாப் புரிஞ்சுக்குவான். அதுதான் எழுத்து."

"புரிஞ்சுக்குவானா?"

"சார், நான் முப்பது வருஷம் எழுத்தைப் பார்த்தவன்."

குதிரைக்காரர் இருபத்தெட்டு வருடம் குதிரைகளைப் பார்த்தவர். எழுத்தைப் பார்த்தவர் சொல்லும்போது எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தார்.

தெருவில் அவருக்குக் குதிரைக்காரர் என்றுதான் பெயர். குதிரைப் போலீஸில் வேலை பார்த்தவர். கூட்டம் கூடும் இடத்தில் குதிரைமேல் உட்கார்ந்து, கூட்டம் கலையும்வரை அப்படியே இருந்துவிட்டு வருவது வேலை. கடைசிப் பதினான்கு வருடமும் ஒரே குதிரை. இலாகாவில் குதிரைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவருடையது முப்பத்தொன்று. பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவர் அதைக் 'கண்ணு' என்று கூப்பிடுவார்.

கண்ணுவுக்குக் குடையைக் கண்டால் பிடிக்காது. அதிகாரிகள் பேச ஆரம்பித்தால் கொட்டாவி விடுவாள். அவருடைய சட்டையின் இடதுபக்கப் பையில் கேரட் இருப்பது தெரிந்தும், மரியாதைக்கு முதலில் வலதுபக்கப் பையை முகர்ந்துவிட்டுத்தான் இடதுபக்கம் வருவாள். ஒரு முறை கல்லெறிக் கலவரத்தில் அவர் கீழே விழுந்தபோது, நாலாபக்கமும் ஆட்கள் ஓட, அவள் மட்டும் நான்கு காலையும் அவரைச் சுற்றி ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். கால்களுக்கு நடுவே படுத்திருந்த அவருக்கு அன்றுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வீட்டுக்குள் இருப்பது போலத் தோன்றியது.

அப்படிப்பட்டவளிடம் அவர் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டார். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டார்கள், டீ கொடுத்தார்கள், பேசினார்கள். லாயத்துக்குப் போனால் இளவட்டப் பசங்கள் முன்னால் அழுதுவிடுவோம் என்று பயம். 'நாளைக்கு வந்து பார்த்துக்கலாம்' என்று வீட்டுக்கு வந்தார். அந்த நாளை வரவே இல்லை. எட்டு மாதம் கழித்து லாயத்திலிருந்து போன் வந்தது. "முப்பத்தொண்ணு போயிடுச்சு சார்."

மறுநாள் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர்தான்.

மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "என்ன எழுதறீங்க?"

அறுபது வயதில் ஒரு குதிரைக்காக அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று எப்படிச் சொல்வது? "என் வாழ்க்கையைத்தான்," என்றார். "முடிஞ்சதும் நீதான் முதல்ல படிக்கணும். அதுவரைக்கும் கேட்காதே."

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அவரை விடவும் இல்லை. அவர் நான்கு தடவை எழுதுவதை நிறுத்தினார். முதல் தடவை ஆறாவது பக்கத்தில். 'சேணம்' என்ற சொல்லுக்கு னகரமா, ணகரமா என்ற சந்தேகத்தில் மனமே விட்டுப்போனது. இரண்டாம் தடவை மழையில் ஒரு நோட்டு நனைந்தது. மூன்றாம் தடவைக்குக் காரணமே இல்லை. நான்காம் தடவை, படித்துப்பார்த்தார். எல்லாம் குப்பை என்று தோன்றியது.

ஒவ்வொரு தடவையும் மனைவிதான் அவரை மறுபடி உட்காரவைத்தாள்.

"வரமாட்டேங்குது," என்பார்.

"வர்ற வரைக்கும் உக்காருங்க. இருபத்தெட்டு வருஷம் எங்கெங்கேயோ போய் உக்காந்தீங்க. இங்கேயும் கொஞ்சம் உக்காருங்களேன்."

அவர் எழுதும்போது டிவி ஓடாது. குக்கர்கூட விசில் அடிக்கப் பயப்படும். யாராவது வந்தால், உள்ளே ஆபரேஷன் நடப்பது போல வாயில் விரலை வைத்து, "அவர் எழுதறார்," என்று வாசலோடு அனுப்பிவிடுவாள். நோட்டு தீரப்போகிறது என்பது அவருக்குத் தெரிவதற்குமுன் மேசையில் புது நோட்டு இருக்கும். மொத்தம் பதினோரு நோட்டுகள். பஸ் ஸ்டாப் பக்கத்து டைப்பிங் கடைக்காரம்மாவிடம் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான்.

இப்போது புரூஃப்காரர் திருத்திய பிரதியைக் குதிரைக்காரரே கடைக்குக் கொண்டுபோனார். புரூஃப்காரர் 'அவள்' போட்டதோடு நிற்கவில்லை. நடையை வேறு உயர்த்தியிருந்தார். 'பிடரி' என்று இருந்த இடத்தில் 'கூந்தல்'. 'குளம்பு' என்ற இடத்தில் 'பாதம்'. 'கனைத்தாள்' என்ற இடத்தில் 'அழைத்தாள்'. 'லாயம்' போய், 'அவள் இருப்பிடம்'.

டைப்பிங் கடைக்காரம்மா நான்கு நாளில் மாற்றி அடித்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது மூக்கை உறிஞ்சினார்.

"முதல் தடவை அடிக்கிறப்போ குதிரைக்காக அழுதேன் சார். இப்போ யாருக்காக அழறேன்னே தெரியலை."

குதிரைக்காரர் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வாக்குக் கொடுத்தபடி மனைவிதான் முதலில் படித்தாள். இரண்டு மத்தியானம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, விட்ட இடத்தில் ஒரு ஹேர்பின்னைச் செருகிவைத்துப் படித்தாள். அவர் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல நின்று அவள் முகத்தையே பார்த்தார். ஒரே தொட்டிக்கு நான்கு தடவை தண்ணீர் ஊற்றி, கீழ்வீட்டுக்காரர் குடையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்க்கும்படி ஆயிற்று.

கடைசிப் பக்கம் முடிந்தது. அவள் புத்தகத்தை மூடவில்லை. பின்னாலிருந்து முன்னால் மளமளவென்று புரட்டிக்கொண்டு போனாள். நல்ல இடங்களை மறுபடி பார்க்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள்.

"பிடிச்சிருக்கா?"

"அவளுக்குக் காய்ச்சல் வந்து, மூணு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே. அது எந்த வருஷம்?"

எழுத்தாளருக்கே உரிய உற்சாகத்தோடு அவர் சொன்னார். "நீ மாடிப்படியில விழுந்து மாவுக்கட்டு போட்டிருந்தியே, அதே மாசம்!"

"எங்கிட்ட டியூட்டின்னு சொன்னீங்க."

உற்சாகம் சட்டென்று இறங்கியது. "டியூட்டி... மாதிரிதான்."

அவள் தலையாட்டினாள். "இவ்வளவுதானா, இன்னும் இருக்கா?"

"அவ்வளவுதான். முடிஞ்சிடுச்சு."

"சரி," என்றாள்.

மறுநாள் காலை ஒரு பையோடு கிளம்பினாள். "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேங்க. சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"எப்போ வருவே?"

"பார்க்கலாம்."

முப்பத்து நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் 'பார்க்கலாம்' என்று சொன்னதே இல்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாகத்தான் உறைத்தது. 'அவள்', 'கூந்தல்', 'பாதம்', 'அவள் இருப்பிடம்'. அடப்பாவி புரூஃப்காரா!

சாயங்காலம் மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாவை என்னப்பா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. புத்தகத்தைப் படிச்சா. கிளம்பிட்டா."

மகள் புத்தகத்தை எடுத்து ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள். சத்தமாகப் படித்தாள். "'முதல் நாள் என்னைக் கீழே தள்ளினாள். பத்தாம் நாள் என் தோளில் தலை சாய்த்தாள். அவள் கூந்தலை நான் வாரிவிடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். விடியும் முன்பே நான் அவள் இருப்பிடத்துக்கு ஓடிவிடுவேன்.'" புத்தகத்தை மூடினாள். "யாருப்பா இது?"

"குதிரைம்மா!"

"ஒரு பொம்பளையைப் போய்க் குதிரைங்கறீங்களே, அசிங்கமா இல்லை?"

"நிஜமாவே குதிரைம்மா! நாலு கால்! வால்!"

மருமகன் அவர் தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்தி, "மாமா, விடுங்க. எனக்குப் புரியுது. மனுஷன்னா அப்படி இப்படித்தான்," என்றான். இதுவரை அவரிடம் 'வாங்க', 'போயிட்டு வரேன்' தவிர எதுவும் பேசாதவன். திடீரென்று அவன் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. அதுதான் குதிரைக்காரருக்கு மிகவும் வலித்தது.

"இருங்க, ஆதாரம் காட்டறேன்," என்று உள்ளே ஓடினார். பீரோவில் துணிக்கடியில் கண்ணுவின் ஒரே ஒரு போட்டோ இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவன், புதுக் கேமரா வாங்கிய அன்று எடுத்தது. பல வருடம் கழித்து இப்போதுதான் அதை வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தார். அதற்குள் மகள் வாங்கிவிட்டாள்.

புதுக் கேமராக்காரன் குதிரையைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு காது மட்டும் விழுந்திருந்தது. நடுவில் சீருடையில் குதிரைக்காரர், சிரித்துக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் அன்று ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மா, அதைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டு.

மகள் போட்டோவைத் திருப்பினாள். பின்னால் அவருடைய கையெழுத்து: 'என் கண்ணு. 31.'

"முப்பத்தொண்ணா மாமா?" என்றான் மருமகன். "பார்த்தாத் தெரியலை."

அன்று அவர் எதையும் சூடு பண்ணிச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக டைப்பிங் கடைக்குப் போனார். கடைக்காரம்மா கடையைத் திறந்துகொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். குதிரைக்காரருக்குக் கேட்கப் பொறுமை இல்லை.

"முதல் பக்கத்துல ஒரு முன்குறிப்பு சேர்க்கணும். எழுதிக்குங்க. 'இந்நூலில் வரும் அவள் ஒரு குதிரை. உண்மையான பெண்கள் எவரையும் இந்நூல் குறிப்பிடவில்லை.'"

கடைக்காரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "இதை அப்படியே அடிக்கட்டுமா சார்?"

"அப்படியே அடிங்க. பெரிய எழுத்துல."

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, மகள் மூலமாக மனைவியின் போனுக்கு அனுப்பிவைத்தார். ஒரு மணிநேரம் கழித்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா பார்த்தாங்க."

"என்ன சொன்னா?"

"'அதுதான் படிச்சப்பவே தெரிஞ்சுதே'ன்னாங்க. சொல்லிட்டு போனை வச்சுட்டாங்க. இன்னும் மோசமாயிடுச்சுப்பா. பேசாம மன்னிப்புக் கேளுங்க."

"எதுக்கும்மா மன்னிப்பு? குதிரை வளர்த்ததுக்கா?"

"மறுபடியும் குதிரைங்கறீங்க பாருங்க."

இனி அரசாங்க முத்திரைதான் காப்பாற்றும் என்று முடிவு செய்தார். லாயத்துக்குப் போய் எழுத்து மூலம் ஒரு சான்று வாங்குவது. ஏறக்குறைய நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் கேட்டுக்குள் நுழைந்தபோது கால் தானாகவே வலதுபக்கம் திரும்பியது. மூன்றாவது கொட்டடி. அங்கே வேறு ஒரு குதிரை நின்றது. நல்ல கறுப்பு, வாட்டசாட்டம். அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வைக்கோலைத் தின்னப் போய்விட்டது. இடதுபக்கப் பையைத் தேட அதற்குத் தெரியாது. பழக்கத்தில் அவர் அங்கே ஒரு கேரட் வைத்திருந்தார்.

பழைய லாயக்காரர் இன்னும் வேலையில்தான் இருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா சார்?"

"வரணும் வரணும்னுதான் இருந்தேன்..."

"அவளும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தா. கடைசி ரெண்டு மாசம் தலையை இந்தப் பக்கம் திருப்பலை. கேட்டையே பார்த்துக்கிட்டு நிப்பா. யார் பூட்ஸ் சத்தம் கேட்டாலும் காது தூக்கும். அப்புறம் இறங்கிடும்."

குதிரைக்காரர் இன்னும் கிட்டே போனார். கொட்டடிக் கதவின் கட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். அவள் பல்லால் கரண்டிய தடம் அப்படியே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி என்ன புண்ணியம்? ஒரு சாயங்காலம் பஸ் ஏறி வந்திருந்தால் போதும். இருக்கும்போது சொல்லாததை இல்லாதபோது எழுதி யாருக்குக் காட்டுவது? லாயக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாளியை நகர்த்தினார்.

சான்றிதழ் எழுதிக் கொடுத்தது அலுவலகக் குமாஸ்தா. குதிரைக்காரர் விஷயத்தைச் சொன்னதும் முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் பதிவேட்டைப் புரட்டி, அடித்து, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஒட்டிய உறையைப் பிரிப்பது மரியாதையில்லை என்று குதிரைக்காரர் அப்படியே மனைவியின் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார்.

கதவைத் திறந்தது அக்காதான். "வாங்க தம்பி," என்றாள். குரலில் 'வாங்க' இருந்தது, வாசலை அடைத்து நின்ற உடம்பில் 'வாங்க' இல்லை. அவள் பின்னால், கூடத்தில், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் படிங்க. சத்தமாப் படிங்க. அரசாங்க முத்திரை," என்று உறையை நீட்டினார்.

அக்கா பிரித்துப் படித்தாள். "'மேற்படி நபருடன் எண் 31 (பெண்) பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து பணியில் இருந்தது உண்மை. இருவருக்கும் இடையே நல்லுறவு நிலவியது. வேறு எவரையும் எண் 31 தன்மீது...'" அக்கா நிறுத்தினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரியை மனத்துக்குள் படித்தாள். முகம் சிவந்துபோயிற்று. "சீ! இதுக்கு முத்திரை வேறயா?"

"'ஏறி உட்கார விட்டதில்லை'ன்னு இருக்கும்! குதிரைன்னு போட்டிருப்பாங்களே, பாருங்க!"

"எங்கே போட்டிருக்கு? நீங்களே பாருங்க."

பார்த்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். இலாகாவில் குதிரையைக் குதிரை என்று யாரும் எழுதுவதில்லை, எண்தான் என்பது அவருக்குத் தெரியாததா? இருபத்தெட்டு வருடம் அவரே அப்படித்தான் எழுதினார்.

மனைவி எழுந்து வந்தாள். கடிதத்தை வாங்கி, பார்க்காமலே மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். பையில் கேரட் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

"எனக்கு லெட்டரெல்லாம் எதுக்குங்க?"

"பின்னே உனக்கு என்னதான் வேணும்? சொல்லு, செய்யறேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தார். "ஒண்ணும் வேண்டாம். புத்தகத்தைப் போடுங்க. நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவருக்கு அதற்குமேல் வழி தெரியவில்லை. புத்தகத்தில்தான் வினை ஆரம்பித்தது, புத்தகத்திலேயே முடிக்க வேண்டும். நேராக டைப்பிங் கடைக்கு வந்தார். மேல்மூச்சு வாங்கியது. பையிலிருந்த பிரதியை மேசைமேல் போட்டார்.

"எல்லாத்தையும் பழையபடி மாத்திடுங்கம்மா. ஒரு 'அவள்'கூட இருக்கக் கூடாது. பக்கத்துக்குப் பத்து இல்லை, இருபது குதிரை ஓடட்டும். கூந்தலை எடுத்துட்டுப் பிடரியைப் போடுங்க. குளம்பு, வால், கொள்ளு, சாணி, ஒண்ணு விடாமப் போடுங்க. அட்டையிலேயே பெரிசா ஒரு குதிரைப் படம். என் சம்சாரம் யாரோ பொம்பளைன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டா."

கடைக்காரம்மா பிரதியைத் தொடவில்லை. மேசையில் கிடந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். எல்லாம் தீர்ந்தது.

"நான் அன்னிக்கே சொல்ல வந்தேன் சார், நீங்க கேக்கலை. அம்மா அக்கா வீட்டுக்குப் போற வழியில பையோட இங்க வந்தாங்க. 'குதிரையைப் பத்தினது எல்லாம் ஒரு வரி விடாம வந்திருக்கும்மா, என்னைப் பத்தி அவர் எழுதின பக்கங்கள்தான் டைப் அடிக்கிறப்போ எங்கேயோ விட்டுப்போச்சு போலிருக்கு, கொஞ்சம் தேடிப் பாருங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."